வருவோரும் நிற்போரும்

மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனை இயற்றுபவன் என்பன அந்நான்கு. உரைகண்ட பரிமேலழகர் நான்காமவனுக்குரிய இலக்கணங்களையும் எண்ணிச் சொல்லுகின்றார். நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகியன அவை. இக்காலத்து நாட்டுப்புறங்களை நோக்குவோமாயின் இவற்றோடு ஐந்தாவது இலக்கணம் ஒன்றையும் சேர்க்க வேண்டியவர்களாகின்றோம். அது, வந்த இடத்திலே நிலைத்து நிற்றல்.

வைத்தியர் இல்லை என்ற முறைப்பாடு நம் பத்திரிகைகளில் அடிக்கடி எழுகின்றது. மருந்துத் தட்டுப்பாடு பற்றியும் எழுகின்றது. நான்காமவன் இல்லை என்ற முறைப்பாடோ அரிதாகவே காதில் விழும். வள்ளுவர் காலத்திலே ஒருவனாகச் சுட்டப்பெற்ற அவன் இன்று பலராகப் பெருகிவிட்டான். குருதியைச் சோதித்து நோயின் பெயரைச் சொல்லும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருந்தை அளந்து கொடுத்து உண்ணும் முறையை உணர்த்தும் மருந்தாளர், எக்ஸ்கதிர்ப் படம் பிடிப்பவர், செயலிழந்த கைகால்களுக்கு மீண்டும் இயக்கம் பழக்கும் இயன்மருத்துவர், இழந்த அன்றாடத் தொழிலை மறுபடி செய்யக் கற்பிக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், பாடசாலைப் பற்சிகிச்சையாளர் எனப் பட்டியல் நீளும். இவர்களைத் துணை மருத்துவத் தொழிலினர் என்கின்றோம். துணை என்ற அடைமொழியே இவர்களை நாம் மறந்துவிடுவதற்குக் காரணமாயிற்றோ என்று ஐயுற வேண்டியிருக்கின்றது.

இம்மறதியின் விலையை யார் கொடுக்கின்றனர் என்பதை அறிய மட்டக்களப்பின் தென்மேற்கே செல்லுதல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, கடலை ஒட்டிய நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரையும் படும் கரையும் எனப் பெயரிட்ட முன்னோர் அழகுணர்ச்சி மிக்கவர்கள். ஆயினும் பின்வந்த காலம் அப்பெயர்களுக்கு வேறொரு பொருளையும் ஏற்றிவிட்டது. பெருவைத்தியசாலைகள், நெடுஞ்சாலை, சந்தை, வங்கி யாவும் பெரும்பாலும் எழுவான்கரைப் பக்கமே அமைந்துவிட்டன. படுவான்கரையோ நெல்லை விளைவித்து அனுப்பும் கரையாகவே நின்றுவிட்டது.

படுவான்கரையின் தென்பாகத்திலே, போரதீவுப்பற்றிலே உள்ளது மண்டூர். சின்னக்கதிர்காமம் எனப் போற்றப்படும் கந்தசுவாமி கோயிலையுடைய ஊர். கதிர்காமத்திற் போலவே கப்புகனார் வாய்கட்டிப் பூசைசெய்யும் மரபு அங்கே இன்றும் உண்டு. பல தலைமுறைகளாக அடியார்கள் குருமண்வெளித் துறையிலிருந்து பாதையேறி வாவியைக் கடந்து அக்கோயிலை அடைந்தனர். அடியார் வந்து வணங்கித் திரும்புவது முறையே. எழுவான்கரை வேளாளர் வயல்செய்ய வந்து அறுவடையின்பின் திரும்புவதும் இயல்பே. ஆனால் நோய் தீர்க்க வந்தவர்களும் அடியாரைப்போல வந்து திரும்புவார்களாயின் ஊர் என்ன செய்யும்?

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். வயலிலே நின்ற ஐம்பத்தைந்து வயது வேளாளன் ஒருவன் பக்கவாதத்தால் விழுகின்றான் என்க. அவனை வண்டியேற்றிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ கொண்டுசென்று உயிரைக் காப்பாற்றிவிடுகின்றனர். இந்நாட்டின் இலவச மருத்துவத்தின் பெருமை அது. அதனை நாம் குறைத்துப் பேசலாகாது. பின்பு அவன் வீடு திரும்புகின்றான். அவனுடைய வலக்கைக்கு மீண்டும் இயக்கம் வருவதும் வராமற் போவதும் பெரும்பாலும் அடுத்த சில வாரங்களிலும் மாதங்களிலும் முறையாகக் கிடைக்கும் பயிற்சியையே பொறுத்தது. வாரத்துக்குப் பலமுறை அப்பயிற்சி வேண்டும். ஒவ்வொரு முறையும் முச்சக்கரவண்டிக் கூலி வேண்டும். துணைக்குச் செல்லும் மகனின் அல்லது மனைவியின் ஒருநாட் கூலியை இழத்தல் வேண்டும். இரண்டு முறை போவார்கள். மூன்றாம் முறை தயங்குவார்கள். நான்காம் முறை எண்ணெய் தேய்த்துக் கடவுளை நம்பியிருப்பார்கள். அரிவாள் பிடித்த கை மடங்கியபடியே இறுகிவிடுகின்றது. அக்கை இறுகியபோது ஒரு குடும்பத்தின் அடுப்பும் அணைகின்றது. அவன் உயிருக்கு நாடு செலவிட்ட பணத்திற் பெரும்பகுதி, நான்காமவன் இல்லாத காரணத்தால் வீணாயிற்று.

இவ்வாறே நீரிழிவுக்காரனின் காற்புண்ணும், செவிகேளாத குழந்தையின் பேசாத வாயும், மருந்துச்சீட்டை வாசிக்கத் தெரியாத கிழவியின் தவறிய வேளைகளும் கணக்கெடுப்பாரின்றிக் கழிகின்றன.

இனி, ஏன் இவர்கள் நிற்பதில்லை என்று ஆராய்வோம். இளைஞருக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்று பழிசொல்லி முடிப்பது எளிது. அது நியாயமன்று. இருபத்தைந்து வயதிலே பட்டமோ டிப்ளோமாவோ பெற்ற ஒரு பெண்ணை, அவள் முன்பின் காணாத ஊரிலே தன்னந்தனியே நியமிக்கின்றோம். ஐயம் எழுந்தாற் கேட்பதற்கு அதே தொழிலிலுள்ள மூத்தவர் அருகில் இல்லை. கருவி பழுதுபட்டாற் செப்பனிடுவார் இல்லை. தங்குவதற்கு உறுதியான விடுதி இல்லை. பொழுது சாய்ந்தால் வீதியிலே யானைப் பயம். மேற்படிப்புக்கும் பதவி உயர்வுக்குமான வாயில்கள் யாவும் நகரிலே. அவளுடன் படித்தவர்கள் அந்நகரிலே மூத்தோர் நடுவே தொழில் பழகி முன்னேறுகின்றனர். தான் கற்றதையும் மறந்துவிடுவேனோ என்று அவள் அஞ்சுகின்றாள். இந்நிலையில் இடமாற்ற விண்ணப்பம் எழுதுபவளைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு? எந்தத் தொழிலிலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளே ஒருவரை ஆக்குவதும் அழிப்பதும். அக்காலத்தையே நாம் தனிமைக்கு ஒப்படைக்கின்றோம்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இந்நோயை முற்றச் செய்தன. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் மருத்துவத்துறையினர் பலர் நாட்டைவிட்டே சென்றனர். 2024 பெப்ரவரியிலே 72 தொழிற்சங்கங்கள், வைத்தியர்களுக்கு உயர்த்தப்பட்ட கொடுப்பனவுக்கு ஈடாகத் தமக்கும் வேண்டுமெனப் பணிநிறுத்தம் செய்தன. அக்கோரிக்கையின் தொகை பற்றிக் கருத்து வேறுபடலாம். நான்காமவனுக்கும் வயிறும் மானமும் உண்டென்பதை அது நாட்டுக்கு நினைவூட்டியது என்பதில் வேறுபாடு இருக்கவியலாது. நகரிலுள்ள பதவி காலியானால் அதை நிரப்ப ஓர் ஊரிலுள்ளவர் அழைக்கப்படுகின்றார். ஊர்ப்பதவி காலியானால் அது காலியாகவே கிடக்கின்றது. கடைசி மடைக்கு நீர் வராத வாய்க்காலின் கதைதான் இது. படுவான்கரை வேளாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்நாட்டிலே இதற்கு வழி கண்டவர்கள் இல்லையா? உளர். நம் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது முன்னாளில் மருத்துவிச்சி என அழைக்கப்பெற்ற அரச ஊழியர், அவ்வழிக்குச் சான்றாவர். 1926 இலே களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, குறித்த எல்லையுள் வாழும் மக்களைக் குறித்த ஊழியரிடம் ஒப்படைக்கும் முறையை இந்நாட்டிற் கொண்டுவந்தது. இன்று ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பொறுப்பில் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 வரையிலான மக்கள் வாழ்கின்றனர். அவர் தம் பகுதியின் ஒவ்வொரு படலையையும் அறிவார். எந்த வீட்டில் எவள் கருவுற்றாள் என்பதையும் அறிவார். 1930களிலே நூறாயிரம் உயிர்ப்பிறப்புக்கு 2,000 தாய்மார்க்கு மேல் இறந்த இந்நாட்டில், அண்மை ஆண்டுகளில் அத்தொகை 30க்கும் 40க்கும் இடையே இறங்கி நின்றது. மலேரியா ஒழிப்பும் இலவசக் கல்வியும் புதிய மருந்துகளும் இதிற் பங்குகொண்டன. எனினும் ஊரோடு ஊராய் நின்ற அப்பெண்களின் பங்கை எவரும் மறுக்கவியலார். குறித்த ஊர், குறித்த மக்கள், மேலே கைகொடுக்கும் மேற்பார்வை, ஊரார் தந்த மதிப்பு ஆகிய நான்கும் அவர்களை நிறுத்தின.

இதற்கும் முற்பட்ட சான்று ஒன்று நம் தமிழ்ப் பிரதேசத்திலேயே உண்டு. 1847 இலே யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர்களோ அரசாங்க உத்தியோகம் தேடித் தொலைவிடங்களுக்குச் சென்றுவிடக் கண்டார். ஊருக்கென ஆக்கிய வைத்தியன் ஊரைவிட்டுப் போகின்றான் என்ற இன்றைய நம் முறைப்பாடு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய முறைப்பாடாயிருந்தது. அவர் மாணவரைத் திட்டவில்லை, கல்வியை மாற்றினார். 1864 முதல் தமிழிலே மருத்துவம் போதித்தார். அதற்கெனக் கலைச்சொல் ஆக்கினார், உடற்கூற்றியல், இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கினார், ஆக்குவித்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளிவந்தனர். ஊரின் மொழியிலே கற்றவன் ஊரிலே வேர்கொள்வான் என்பது அவர் துணிபு.

ஆயினும் 1873 இலே அவர் தாயகம் திரும்பியபின் அம்முயற்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. இதிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஊருக்கென்று கற்பிக்கும் கல்வி, ஊருக்கு வெளியே மதிப்பற்றதாய் இருக்குமாயின், இளைஞர் அதனை நாடார். நிற்பதற்கான கல்வி தாழ்ந்த கல்வியாய் இருக்கலாகாது. நகரிலுள்ளார் பெறும் அதே சான்றிதழ், அதே பதவித் தரம், அதே சம்பளப்படி ஊரிலுள்ளார்க்கும் உரியதாதல் வேண்டும்.

பிறநாடுகள் கண்ட வழியையும் பார்ப்போம். உலக மக்களுட் பாதியளவினர் நாட்டுப்புறங்களில் வாழ, தாதியருள் 38 வீதத்தினரும் வைத்தியருள் 25 வீதத்துக்குக் குறைவானோருமே அங்கே பணிசெய்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2010 இலே எடுத்துக்காட்டியது. நாட்டுப்புறப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தல், நாட்டுப்புறத்துக்கு அண்மையிலேயே பயிற்றுதல், பணிசெய்வோர்க்கு மேற்கல்வியும் துணையும் தங்குமிடமும் அளித்தல் என்பன அன்றும், 2021 இலே திருத்தி வெளியிட்டபோதும் அது கூறிய வழிகளுட் சில. ஜப்பானிலே 1972 இல் நிறுவப்பெற்ற ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அந்நாட்டின் 47 ஆட்சிப் பிரிவுகளும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாணவரைத் தேர்ந்து அனுப்புகின்றன. படிப்புச் செலவு கடனாக வழங்கப்படும். சொந்தப் பிரிவிலே ஒன்பது ஆண்டு பணிசெய்தால் கடன் நீங்கிவிடும். கடமைக்காலம் முடிந்த பின்னும் பெரும்பாலோர் அங்கேயே தங்கினர் என்பதை ஆய்வுகள் காட்டின. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் வைத்தியரல்லாத துணைத் தொழிலினருக்கே தனிவழி ஒன்றை வகுத்தது. புதிதாகப் பட்டம் பெற்றோரை ஒதுக்குப்புற வைத்தியசாலைகளில் நியமித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையையும், வேலைநேரத்துள்ளேயே படிப்பதற்கான காலத்தையும் அவர்களுக்கு உறுதிசெய்தது. சிறிய ஊரிலே பலதிறப்பட்ட நோயாளரைப் பார்க்கவல்ல பொதுநிலைத் திறமையே அங்கே ஒரு தனித்திறமையாக மதிக்கப்படுகின்றது.

நம் நிலை யாது? பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்கள் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளை நடத்துகின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலே மருத்துவமும் தாதியமும் கற்பிக்கின்றது. பல்கலைக்கழக அனுமதியிலோ 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. மட்டக்களப்பும் அப்பதினாறனுள் ஒன்று. ஆனால் இக்கணக்கிலே மாவட்டமே மிகச்சிறிய அலகு. நகரிலுள்ள பெரிய கல்லூரியிற் படித்த பிள்ளையும் மண்டூரிலே விஞ்ஞான ஆசிரியருக்காகக் காத்திருந்த பிள்ளையும் ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள். மாவட்டத்துக்கெனக் கிடைத்த இடம் இயல்பாகவே எழுவான்கரையில் இறங்கிவிடுகின்றது.

இவ்விடத்திலே மட்டக்களப்புக்கே உரிய ஒரு வழக்கத்தை நினைவூட்ட விரும்புகின்றோம். இப்பிரதேசத்திலே வீடும் நிலமும் பெரும்பாலும் பெண்வழிச் செல்கின்றன. மணமான மகளுக்குத் தாய் வீட்டை அல்லது அதன் அயலிலே புதுவீட்டைக் கொடுப்பர். மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். பெண் வேற்றூருக்குப் பெயர்ந்து செல்லும் பிற பகுதிகளினின்றும் இது வேறுபட்டது. துணை மருத்துவத் தொழில்களிலே சேருவோருட் பெண்கள் பலர் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுக. மண்டூரிலோ பழுகாமத்திலோ வெல்லாவெளியிலோ பிறந்த ஒரு பெண்ணை நாம் இயன்மருத்துவராக்கினால், அவளுடைய வீடும் வளவும் தாயும் அவ்வூரிலேயே இருக்கின்றனர். அவளுக்கு விடுதி கட்டவேண்டியதில்லை. அவள் குழந்தையைப் பார்க்க ஆள் தேடவேண்டியதுமில்லை. சட்டத்தாலும் பிணைப்பத்திரத்தாலும் கட்டிவைக்க முடியாதவரை, முன்னோர் வகுத்த குடிமரபு தானே நிறுத்திவைக்கும். இத்தகைய அனுகூலம் வேறெந்த நாட்டுத் திட்டக்காரருக்குக் கிடைக்கும்? கிடைத்ததை நாம்தான் பயன்படுத்தவில்லை.

மொழியின் நன்மையும் அவளிடம் உண்டு. மருந்தை மறுகா குடிக்கலாமா என்று கேட்கும் நோயாளியின் மறுகாவுக்குப் பின்பு என்பது பொருளென்று அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உளைவுக்கும் விறைப்புக்கும் உள்ள வேற்றுமையை அவள் தாயின் வாயிலாகவே அறிந்தவள்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, கல்வியிற் பின்தங்கிய பிரதேசச் செயலகப் பிரிவுகளின் பாடசாலைகளிற் படித்தோருக்குத் துணை மருத்துவப் பயிற்சிகளிற் சில இடங்களையாயினும் ஒதுக்குதல் வேண்டும். அதற்கு முன்னதாக அப்பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்புகள் உயிரோடிருத்தல் வேண்டும். இரண்டாவது, கிழக்குப் பல்கலைக்கழகம் துணை மருத்துவப் படிப்புகளையும் ஏற்று, மாணவரின் பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியைக் களுவாஞ்சிக்குடி போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் அவற்றைச் சூழ்ந்த சிறு வைத்தியசாலைகளிலும் அமைத்தல் வேண்டும். மூன்றாவது, புதியவரை ஒருபோதும் தனியாக நியமிக்கலாகாது. இருவராக நியமிக்க; மூத்தவர் ஒருவர் முறைவைத்து வந்து பார்க்க; இடைநாளில் தொலைபேசியிற் கேட்க அவர்க்கு உரிமை இருக்க. நான்காவது, கஷ்டப் பிரதேசத்திற் செய்த ஆண்டுகள் பதவி உயர்வுக்கும் மேற்படிப்புக்கும் கூடுதலாகக் கணிக்கப்படல் வேண்டும். குறித்த காலம் முடிந்ததும் விரும்பினாற் செல்லலாம் என்ற வாக்கு எழுத்திலே கொடுக்கப்பட்டு நிறைவேற்றப்படல் வேண்டும். போகலாம் என்ற உறுதி உள்ளவனே மனமொப்பி நிற்பான். கதவு அடைபட்டது என்றெண்ணுபவன் முதல்நாளே தப்பும் வழியைத் தேடுவான்.

மூன்று தடைகள் கூறப்படலாம். பிரதேச ஒதுக்கீடு தரத்தைக் குறைக்கும் என்பர் சிலர். நுழையும் வாயிலைச் சிறிது அகலமாக்கினால் வெளியேறும் வாயில் அகலமாகிவிடாது. இறுதிப் பரீட்சை எல்லோர்க்கும் ஒன்றே. ஒரு சிறு வைத்தியசாலைக்கு ஓர் இயன்மருத்துவர் வேண்டுமளவுக்கு நோயாளர் இல்லை என்பர் வேறு சிலர். அவ்வாறாயின் மூன்று நான்கு வைத்தியசாலைகளுக்கு ஒருவரை வைத்து, வாரநாட்களைப் பங்கிட்டு அனுப்பலாம். வாகனச் செலவு அரசாங்கத்துடையதாகட்டும். நோயாளர் பலர் பயணஞ் செய்வதைவிட ஊழியர் ஒருவர் பயணஞ் செய்வது சிக்கனமன்றோ? பாலம் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பர் இன்னுஞ் சிலர். 2014 இலே திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் படுவான்கரை மக்கள் பெற்ற நன்மை பெரிது. பாலங்கள் இன்னும் வேண்டியனவே. ஆனாற் பாலம் இருவழியும் செல்லவிடும். காலையில் வரும் உத்தியோகத்தரை மாலையில் அக்கரைக்குக் கொண்டுபோவதும் அதே பாலந்தான்.

அரசாங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ஊரார் கைகட்டி நிற்பதும் தகாது. மட்டக்களப்புக் கோயில்களை வண்ணக்கர்மாரும் குடிகளும் முறைவைத்துத் திருவிழாச் செய்து காத்துவருகின்றனர். ஒரு கோயிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்தவல்ல ஊருக்கு, ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பகிர்வதும், வெளியூரிலிருந்து வந்த இளம் ஊழியர் ஒருவருக்கு அச்சமின்றித் தங்க ஒரு வீட்டைக் காட்டுவதும் அரிய காரியமல்ல. மருந்தாளரை மருந்துக்காரன் என்றும், ஆய்வுகூடத்தாரை இரத்தம் எடுக்கிறவர் என்றும் அழைக்கும் ஊரிலே எவர் மதிப்போடு நிற்பார்? அவர்கள் பெயரையும் பதவியையும் அறிந்து அழைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

போரதீவுப்பற்றுக்கென ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்றினாற் போதும். பத்து ஆண்டுகளில் ஐம்பதின்மர். அவருட் பாதியினர் பிரிந்து சென்றாலும் இருபத்தைவர் எஞ்சுவர். அவ்விருபத்தைவரும் அடுத்து வருவோர்க்கு மூத்தோராவர். புதியவரின் தனிமை அத்துடன் தீரும். கல்வி, சுகாதார அமைச்சுகளும் கிழக்கு மாகாண நிர்வாகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவுசெய்யக்கூடிய காரியம் இது. அடுத்த உயர்தரப் பரீட்சை முடிவு வெளிவருமுன் அம்மேசை கூடுமாக.